வீட்டில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம் என்றால்: பிக்கப்பா, எஸ்யூவியா, தாழ்வான காரா?

வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். ஒரு வண்டிக்குத்தான் இடம் இருக்கிறது, அது எல்லாவற்றுக்கும் ஆக வேண்டும், பிக்கப் எடுக்கலாமா, எஸ்யூவி எடுக்கலாமா, இல்லை சாதாரண கார் போதுமா? நான் உடனே பதில் சொல்வதில்லை. போன மாதம் வண்டியை எடுத்த ஒவ்வொரு தடவையும் உள்ளே எத்தனை பேர் இருந்தீர்கள், பின்னால் என்ன கிடந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்பேன். எழுதி வந்தவர்கள் தாளில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதைதான். ஓட்டுபவர் மட்டும், மிஞ்சிப்போனால் இரண்டு பேர், பின்னால் ஒரு பை. வருடத்துக்கு நாலைந்து நாள்தான் கட்டில், பீரோ, மண் மூட்டை என்று ஏதாவது வருகிறது.

அந்த நாலைந்து நாளை மனதில் வைத்து வண்டி எடுப்பதா, மீதி முந்நூற்று அறுபது நாளை வைத்து எடுப்பதா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குத் தாழ்வான கார்தான் சரி, அதாவது ஹேட்ச்பேக் அல்லது நீளமான டிக்கி உள்ள ஸ்டேஷன் வேகன். வாரா வாரம் நிஜமாகவே லோடு ஏற்றுகிறவர்களுக்கு அசல் பிக்கப். இரண்டுக்கும் நடுவே உயரமாக நிற்கும் வண்டிகளை என் பட்டியலில் கடைசியில்தான் வைப்பேன்.

எனக்குப் பிக்கப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து வருடம் ஒன்றை வைத்து ஓட்டியவன். நேர்மையான வண்டி என்று ஒன்று உண்டென்றால் அது பிக்கப்தான். ஃபோர்டு 1925-இல் தன் மாடல் டி காரின் பின்பக்கத்தை எடுத்துவிட்டு ஒரு திறந்த பெட்டியை வைத்து விற்றது, 1948-இல் அதே ஃபோர்டின் எஃப் வரிசைப் பிக்கப் வந்தது, 1968-இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. இத்தனை வருடத்தில் எவ்வளவோ மாறியும் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. நீளவாக்கில் இரண்டு கனமான இரும்புச் சட்டங்கள், அவற்றைக் குறுக்கே இணைக்கும் சட்டங்கள், பார்த்தால் தரையில் படுக்க வைத்த ஏணி மாதிரி இருக்கும். அதன் மேல் ரப்பர் புஷ் வைத்து, கேபினையும் பின்பெட்டியையும் தனித்தனியாக போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். பாரத்தை ஏணி தாங்குகிறது, கேபின் தாங்குவதில்லை. அதனால் பின்னால் எவ்வளவு முறுக்கினாலும் கதவு சிக்காது, கண்ணாடி விரியாது. லாரி காலங்காலமாக இப்படித்தான் இருக்கிறது, பிக்கப் அதனுடைய தம்பி.

பின்னால் பட்டை ஸ்பிரிங். ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகள். பாரம் ஏற ஏற மேல் பட்டைகள் நிமிர்ந்து கீழே உள்ள கனமான பட்டையில் போய் உட்காரும், அதற்கு மேல் அதுவும் சேர்ந்து தாங்கும். ஆக்சிலை, அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் அச்சை, முன்னும் பின்னும் நகரவிடாமல் பிடித்துக்கொள்வதும் அதே பட்டைதான், அதற்கென்று தனியாகக் கம்பிகள் வேண்டாம். எளிமையான, கெட்டியான ஏற்பாடு. ஆனால் முக்கால் டன்னையோ ஒரு டன்னையோ தாங்கச் செய்த ஸ்பிரிங்கை வெறும் பெட்டியோடு ஓட்டினால் என்ன ஆகும்?

எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும், சாலை இன்னும் ஈரம். வலப்பக்கம் வளையும் ஒரு திருப்பம், நடுவில் ஒட்டுப் போட்ட இடத்தில் அலை அலையாக மேடு. காலி பிக்கப், மூன்றாவது கியர், வேகமும் ஒன்றும் அதிகமில்லை. பின் சக்கரம் முதல் மேட்டில் ஏறியதும் ஒரு துள்ளல், அது அடங்குவதற்குள் இரண்டாவது மேடு, மறுபடி துள்ளல். மூன்றாவதில் பின்பக்கம் ஒரு முழம் வெளியே போய்விட்டது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்ததும் திரும்பி வந்தது, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கை நடுக்கம் நிற்கச் சற்று நேரம் ஆனது. மறுநாள் அதே திருப்பத்தில் 300 கிலோ மணல் மூட்டையோடு போனேன். அதே ஈரம், அதே மேடு. வண்டி ஒரு தடவை மெல்ல அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். அப்படியே வேறு வண்டி ஓட்டுவது மாதிரி இருந்தது.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. இரண்டு பின் சக்கரங்களும், திருப்பத்தில் அவை வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் டிஃபரென்ஷியல் என்ற கியர் அமைப்பும் சேர்ந்து ஒரே கட்டையாக இருக்கும் ஆக்சில் அது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை அத்தனையும் மேட்டில் ஒரு சேர எகிறும், ஒரு பக்கம் வாங்கும் அடி மறுபக்கச் சக்கரத்தையும் சாய்க்கும். அதை அமுக்கிப் பிடிக்க மேலே பாரம் இல்லையென்றால் டயர் தரையைத் தொடும் நேரமே குறைந்துவிடும். காலி வண்டியின் எடையில் பெரும்பகுதி முன்னால் இஞ்சின் பக்கம், விரட்டுவதோ பின் சக்கரம்.

ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே என்பீர்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான பிக்கப்களில் இருப்பது தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் வகை. அதைப் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும், நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்கள் போகும் வட்டம் பெரியது, பின் சக்கரங்கள் போவது சிறியது. சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க முடியாது, அதனால் அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கியரிலும் போய் ஏறும். வண்டி இறுகி இழுக்கும், கடைசியில் எதையாவது உடைக்கும். ஆக, தார்ச்சாலையில் அந்தப் பிக்கப் வெறும் பின் சக்கர வண்டிதான். எந்த நிலையிலும் நாலு சக்கரமும் ஓட வேண்டுமென்றால் நடுவில் டிஃபரென்ஷியலோ, அது செய்யும் வேலையைச் செய்யும் கிளட்சோ உள்ள வண்டியாகப் பார்க்க வேண்டும். விற்பவரிடம் இதைத் தெளிவாகக் கேளுங்கள், தெரியவில்லை என்றால் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

லோடு கணக்கும் விளம்பரத்தில் தெரிகிற மாதிரி இருக்காது. அனுமதித்த மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது, அதில் ஆட்களும் சேர்த்தி. மொத்தம் 3,000 கிலோ, வண்டி 2,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 900. ஆளுக்கு 75 கிலோ என்று ஐந்து பேர் ஏறினால் 375 போய்விட்டது, மிச்சம் 525. பின்னால் 2,000 கிலோ டிரெய்லர் மாட்டினால் அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் உட்கார வேண்டும், அப்போதுதான் டிரெய்லர் ஆட்டம் போடாமல் நேராக வரும். அந்த 200 கிலோவும் உங்கள் கணக்கில்தான் கழியும், மிச்சம் 325. கிட்டத்தட்ட ஒரு டன் ஏற்றும் வண்டி என்று வாங்கியவர், குடும்பத்தோடு டிரெய்லரும் இழுக்கும் நாளில் பெட்டியில் வைக்கக்கூடியது இவ்வளவுதான்.

இத்தனையும் தெரிந்து, வாரத்தில் மூன்று நாலு நாள் பெட்டி நிறைய ஏற்றுகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிக்கப் எடுங்கள். டைல்ஸ் வேலை, தோட்ட வேலை, தேனீப் பெட்டி ஏற்றுகிறவர்கள், மாடு வளர்ப்பவர்கள், இவர்களுக்கு வேறெந்த வண்டியும் ஈடாகாது. அழுக்கானால் தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம், ஒரு பக்கம் நசுங்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கனத்தைக் குறைக்கவும் முயன்றிருக்கிறார்கள், 2015 மாடல் ஃபோர்டு எஃப்-150-க்கு அலுமினிய உடல் போட்டு 300 கிலோவுக்கும் மேல் குறைத்தார்கள்.

சரி, தாழ்வான காருக்கு வருவோம். என் மனசு இங்கேதான் இருக்கிறது.

வளைவில் வண்டியின் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். எவ்வளவு போகும் என்பதை முடிவு செய்வது இரண்டு விஷயம்: எடையின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம். அகலத்தில் பாதியை எடுத்து மைய உயரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும், அது பெரிதாக இருக்க இருக்க வண்டி கவிழ்வது கடினம். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கவிழும் அபாயத்துக்கு மதிப்பெண் போட இதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. கார்களுக்குப் பொதுவாக 1.3 முதல் 1.5 வரை வரும், பிக்கப்புக்கும் எஸ்யூவிக்கும் 1.0 முதல் 1.3 வரை. காகிதத்தில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் திடீரென்று குறுக்கே ஒரு நாய் ஓடி வந்து இடப்பக்கம் வெட்டி மறுபடி வலப்பக்கம் வெட்ட வேண்டி வந்தால் அந்த வித்தியாசத்தை முதுகெலும்பில் உணர்வீர்கள். 1997-இல் மெர்சிடிஸின் புதிய ஏ-கிளாஸ், சின்னக் கார்தான் ஆனால் உயரம் அதிகம், ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய இதே மாதிரி வெட்டித் திருப்பும் சோதனையில் கவிழ்ந்தது. கம்பெனி விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டை எல்லா ஏ-கிளாஸிலும் போட்டுக் கொடுத்தது. அந்தக் கட்டுப்பாடு இன்று பல நாடுகளில் புதிய கார்களுக்குக் கட்டாயம், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, நான் அதை ஒருபோதும் அணைப்பதில்லை. ஆனால் அது தப்பு நடந்த பிறகு ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக் பிடித்துத் திருத்துகிறது. தாழ்வான வண்டியில் அந்தத் தப்பே தாமதமாகத்தான் நடக்கும்.

எடையும் அப்படித்தான். கனமான வண்டிக்கு டயரும் பிரேக்கும் அதற்கேற்ற மாதிரி பெரிதாகப் போட்டுவிட்டால் ஒரு தடவை நிற்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஆனால் அந்த வேகத்தை எல்லாம் சூடாக மாற்றித்தான் பிரேக் நிறுத்துகிறது. இரண்டு மடங்கு எடை என்றால் இரண்டு மடங்கு சூடு, வேகம் 50-லிருந்து 100 ஆனால் நாலு மடங்கு. நீண்ட மலை இறக்கத்தில் பத்தாவது கொண்டை ஊசி வளைவில், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வரும். நெடுஞ்சாலையில் காற்றும் விடாது. காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படியாக ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு, உயரமான அகலமான முகத்தோடு போகிறவர் அதற்கு எரிபொருளாக அழ வேண்டியதுதான்.

கார் என்றால் சாமான் வைக்க இடம் இருக்காது என்று யார் சொன்னது? 1959-இல் வந்த மினி பத்தே அடி நீளம், இஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து முன் சக்கரத்தை விரட்டியதால் உள்ளே நாலு பேர் உட்கார இடம் கிடைத்தது. இன்றைய ஹேட்ச்பேக்குகளில் முக்கால்வாசி அதே யோசனையில்தான் நிற்கின்றன. 1976-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, 110 குதிரைத்திறன், எடை சுமார் 800 கிலோ, திங்கள்கிழமை வேலைக்கும் போகலாம், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் சிரித்துக்கொண்டே ஓட்டவும் செய்யலாம். வேகன் என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு இதைச் சொல்வேன்: 1994-இல் வால்வோ தன் 850 வேகனை, முதுகில் அந்தப் பெரிய டிக்கியோடு அப்படியே, பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் இறக்கியது. அதே வருடம் ஆடி, போர்ஷேவோடு சேர்ந்து 315 குதிரைத்திறனில் ஆர்எஸ்2 என்ற வேகனைக் கொண்டு வந்தது.

நான் பிக்கப்பை விட்டுவிட்டு வேகனுக்கு வந்த முதல் வாரம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இஞ்சினை எடுத்து வரப் போனேன், முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். பிக்கப் என்றால் பின் கதவைத் திறந்த பிறகும் இடுப்புக்கு மேலே தூக்க வேண்டும், ஏற்றியபின் உள்ளே தள்ளப் பெட்டிக்குள் ஏற வேண்டும். வேகனில் டிக்கியின் விளிம்பு முழங்காலுக்குச் சற்று மேலே. பழைய போர்வையை விரித்து, இஞ்சினைத் தொடையில் ஒரு தாங்கு தாங்கி வைத்துத் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. மேலே கூரை, அதனால் மழை பற்றிக் கவலை இல்லை, பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். பின் சீட்டை மடக்கினால் ஆறடிக்குப் பக்கமாக நீளம் கிடைக்கிறது. பீரோ வரும் அந்த நாலு நாளுக்கு வாடகைப் பிக்கப் அல்லது ஒரு சின்ன டிரெய்லர்.

இனி எஸ்யூவி. இதில் இரண்டு சாதி. பிக்கப் மாதிரியே ஏணிச் சேஸிஸும், மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு போக உதவும் லோ ரேஞ்ச் கியரும் உள்ள அசல் காட்டு வண்டி ஒன்று. கல்லும் சேறும் ஆறும் கடந்து போகிறவர்களுக்கு அது கருவி, அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, என்னைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். இன்னொன்று காரின் அடித்தளத்தின் மேல் உயரமான உடலை உட்கார வைத்த கிராஸ்ஓவர். 1994-இல் டொயோட்டா ராவ்4 வந்ததிலிருந்து இது பெருகிக்கொண்டே போகிறது. பெரும்பாலும் இது ஒரு ஹேட்ச்பேக்தான், கூடுதலாக நூறு இருநூறு கிலோ, ஒரு சாண் உயரம், கூட்டிக் கொடுத்த விலை. ஓட்டுவதில் ஹேட்ச்பேக்கிடம் தோற்கிறது, சுமப்பதில் பிக்கப்பிடம் தோற்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள், வீட்டில் வயதான பெற்றோர் இருப்பவர்கள், குனிந்து இறங்க முடியாதவர்கள் இதை எடுப்பதில் முழு நியாயம் இருக்கிறது, பள்ளமும் மேடுமான சாலையில் தினம் போகிறவர்களுக்கும்தான். மற்றவர்கள் ஒரு தடவை அதே கம்பெனியின் ஹேட்ச்பேக்கையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உயரத்தில் உட்கார்ந்தால் பாதுகாப்பு என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபமே வரும். தூரத்தில் நன்றாகத் தெரியும், உண்மை. ஆனால் பானெட்டுக்கு முன்னால் நிற்கும் குழந்தை தெரியாது. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையம் பாதசாரிகள் மீது மோதிய சுமார் 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023-இல் சொன்னது இது: பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும் வண்டி மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உள்ள சரிவான முகம் கொண்ட வண்டியைவிட உயிர் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். தாழ்வான கார் காலில் மோதி ஆளை பானெட் மேல் சாய்க்கும், உயரமானது நெஞ்சிலோ தலையிலோ நேராக அடிக்கும். வண்டிக்கு உள்ளே இருப்பவர்களை மட்டும் கணக்கில் வைத்துப் பாதுகாப்பு பேசக் கூடாது.

கியரைப் பற்றி நீட்டப் போவதில்லை. தனியாக ரசித்து ஓட்ட மேனுவல், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. டிரெய்லர் இழுப்பவர்கள் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியாக இஞ்சினின் சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் பாருங்கள், நகரும் நேரத்தில் இஞ்சினின் இழுவையை அது பெருக்கித் தரும், ஏற்றத்தில் கிளட்ச் கருகும் நாற்றமும் இல்லை. மின்சார வண்டிகளில் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் எடையின் மையம் தாழ்ந்துவிடுகிறது, அது பெரிய வரம். ஆனால் அதை வைத்துக்கொண்டு 4 டன்னுக்கு மேல் கனக்கும் ஹம்மர் பிக்கப்பும் செய்கிறார்கள், அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்த ஒரு வண்டிக்குச் செய்த பேட்டரியில் சில சின்ன மின்சாரக் கார்கள் ஓடும்.

தாளில் ஒருவர் அல்லது இருவர் என்று மட்டுமே எழுதி வருகிறவர்களுக்கு நான் மெல்ல நீட்டும் இன்னொரு பெயர் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் வந்தபோது ஒரு டன்னுக்கும் குறைவு, இரண்டே சீட்டு, எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதி. எல்லோருக்கும் சரிவராது என்று தெரியும். சரிவரும் என்றால் தயங்காதீர்கள்.

எதை எடுத்தாலும் ஒரு வேலை செய்யுங்கள். ஓட்டிப் பார்க்கும் நாளில் ஷோரூம் காட்டும் வழுவழுப்பான சாலையை விட்டுவிட்டு, உங்கள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒரு கெட்ட வளைவுக்குக் கொண்டு போங்கள். காலி வண்டியாக, ஒருவர் மட்டும். அப்புறம் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள், 91 வி என்று இருந்தால் அந்த டயர் 615 கிலோ தாங்கும், 240 கி.மீ. வேகம் வரை என்று அர்த்தம். பெரிய பெரிய முள் மாதிரி வெட்டுள்ள காட்டு டயர் போட்டிருந்தால், ஈரத் தார்ச்சாலையில் நிற்கும் தூரம் கூடும் என்பதை மனதில் வையுங்கள். காற்றழுத்தத்தைக் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

என் பிக்கப்பை வாங்கியவர் செடி நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். போன மாதம் வழியில் பார்த்தேன். பெட்டி விளிம்பு வரை செம்மண், அதன் மேல் நாலைந்து மண்வெட்டி, பின்பக்கம் தணிந்து, பட்டைகள் நிமிர்ந்து, வண்டி மட்டமாக நின்றுகொண்டிருந்தது. என்னிடம் இருந்த ஐந்து வருடத்தில் எப்போதும் பின்பக்கம் தூக்கிக்கொண்டே நின்ற வண்டி அது. இறங்கிப் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன், அவ்வளவு அழகாக இருந்தது.